பெரிய செக்

டெல்வின் ஃபால்ஸ் காகித மில் ஆண்களுக்கு எழுதி வைக்காத சட்டங்கள் இரண்டு உண்டு. ஒன்று, ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி வருஷத்தில் டாக்டர் வாசலை மிதிக்கக் கூடாது. இரண்டு, பென்ஷன் தாளை நிரப்பும்போது பெரிய செக்கைத்தான் கேட்க வேண்டும். இதைச் சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு முட்டி மாற்றியாகிவிட்டது, மீதிப் பேருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

முதல் சட்டம் வந்த கதை ஊருக்கே தெரியும். லியோ என்று ஒருவன், இருபது வருஷத்துக்கு முன்னால், ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கும்போது சும்மா ரத்தக் கொதிப்பு பார்த்துக்கொள்ளலாம் என்று போனான். இருதயத்தில் கோளாறு என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மில்காரர்கள் அவனை மெஷினிலிருந்து இறக்கிக் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தார்கள். கேட் சம்பளம் மெஷின் சம்பளத்தில் பாதி. கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான் பென்ஷன் கணக்கு என்பதால் அவனுக்கு ஆயுசு பூராவும் அரைகுறை பென்ஷன்தான். அந்த டாக்டர் புண்ணியத்தில் லியோ எண்பத்திரண்டு வயசுவரை இருந்தான். அதை யாரும் பேசவில்லை. பென்ஷன் குறைந்ததை மட்டும் பேசிப் பேசி ஒரு சட்டமாக்கி வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது சட்டம் இன்னும் மோசம். பென்ஷனை இரண்டு விதமாக வாங்கலாம். பெரிய செக் என்றால் தொழிலாளி உயிரோடு இருக்கும்வரை வரும். அவன் கண்ணை மூடினால் அதோடு சரி. சின்ன செக் கொஞ்சம் குறைச்சல். ஆனால் அவன் போன பிறகும் பெண்டாட்டிக்கு அவள் ஆயுசு உள்ளவரை வந்துகொண்டிருக்கும். சின்ன செக் எடுத்தவனை டோனட் கடையில் மற்றவர்கள் சும்மா விடமாட்டார்கள். பெண்டாட்டியோட அடுத்த புருஷனுக்கு இப்பவே படியளக்கிறான் பாரு என்பார்கள். அந்த ஒரு பேச்சுக்குப் பயந்து நாற்பது வருஷம் சூட்டிலும் இரைச்சலிலும் நின்ற மனுஷர்கள் பெரிய செக்குக்குக் கையெழுத்துப் போட்டார்கள். பயம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்காது இவர்களுக்கு.

ஜெர்மேன் டியூபே இந்தப் பேச்சையெல்லாம் கல்யாணமான நாளிலிருந்து கேட்டு வருகிறவள். அவள் புருஷன் ரொசேர் நாலாம் நம்பர் மெஷினில் முப்பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தவன். வாய் அதிகம் இல்லாத ஆள். மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு காப்பி குடிப்பான், எழுந்து வந்துவிடுவான். அறுபத்துமூன்றாவது வயசில், செப்டம்பர் கடைசியில் ஓய்வு என்று முடிவானதும், ஜூன் மாதம் பென்ஷன் தாள் வீட்டுக்கு வந்தது.

இரண்டு பேரும் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அதைப் படித்தார்கள். பெரிய செக் மாதம் 2,100 டாலர். சின்ன செக் 1,650. ரொசேர் பென்சிலை எடுத்துச் சின்ன செக்கின் எதிரில் ஒரு வட்டம் போட்டான். வட்டம் போட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி இருமினான். மார்ச்சிலிருந்தே அந்த இருமல் இருந்தது.

ஜெர்மேன்தான் ரப்பரை எடுத்து அந்த வட்டத்தை அழித்தாள். இதை யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. அவளுக்கு இரண்டு முறை மார்பில் புற்றுநோய் வந்து போயிருந்தது. முதல் முறை ஐம்பது வயசில், இரண்டாவது முறை ஐம்பத்தேழில். பள்ளிக்கூடச் சமையலறையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை அத்தோடு விட்டுவிட்டாள். தான்தான் முதலில் போவோம் என்பது அவளுக்குக் கிழமை மாதிரி நிச்சயம். மகள் டெனிஸுக்கும் அது தெரியும், பாதிரியாருக்கும் தெரியும், ரொசேரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

"எனக்கு ரெண்டு தடவை சீட்டு கிழிச்சாச்சு. மூணாவது தடவை தப்பாது. நான் போனதுக்கப்புறம் கல்லறைக்கா செக் அனுப்பப் போறாங்க? மாசம் நானூத்தம்பது டாலரைத் தூக்கி ஆத்துல போடுறதுக்கு நாம என்ன மில் முதலாளியா?"

"நீ போயிடுவேன்னு யாரு சொன்னா?"

"நான் சொல்றேன். என் உடம்பு எனக்குத் தெரியாதா?"

அந்த நானூற்றைம்பதில் அவளுக்கு ஒரு ஆசை இருந்தது. சொல்லவே கூச்சமான ஆசை. சக்கரம் வைத்த வீடு ஒன்று வாங்க வேண்டும், பனி விழ ஆரம்பித்ததும் அதை ஓட்டிக்கொண்டு ஃப்ளோரிடா போக வேண்டும், ஏப்ரல் வரைக்கும் செருப்போடு திரிய வேண்டும். பனி கொட்டுகிற மைன் மாநிலத்தில் பிறந்து அறுபத்திரண்டு குளிர்காலத்தைப் பார்த்தவளுக்கு அது பெரிய தப்பா? மிச்சம் இருக்கிற நாலு வருஷமோ ஐந்து வருஷமோ கால் விறைக்காமல் இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். ரொசேர் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, உன் இஷ்டம் என்று பென்சிலைக் கீழே வைத்தான்.

பெரிய செக் வேண்டுமென்றால் பெண்டாட்டி சம்மதித்து நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். மில் தொழிலாளர்களின் கடன் சங்கத்தில் அதற்கென்றே ஒரு மேஜை உண்டு. நோட்டரி அம்மாள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்ததா என்று ஜெர்மேனிடம் கேட்டாள். ஜெர்மேன் சிரித்துக்கொண்டே புரிந்தது என்றாள். அவள் போட்ட கையெழுத்துகளிலேயே அழகான கையெழுத்து அதுதான்.

ஆகஸ்டில் வீட்டின் பேரில் கடன் வாங்கி அந்தச் சக்கர வீட்டு வண்டியை வாங்கினார்கள். வீடு அப்பா காலத்து வீடு, ஒரு டாலர் கடன் இல்லாமல் வைத்திருந்த வீடு. அறுபத்திரண்டாயிரம் டாலருக்கு அதை அடமானம் எழுதிக் கொடுத்தார்கள். பென்ஷனில் மாதாமாதம் கட்டிவிடலாம் என்று கணக்கு. வண்டி வந்த அன்று தெருவே வந்து பார்த்தது. ஜெர்மேன் அதற்குள் இருந்த குட்டி அடுப்பில் முதல் வேலையாகப் பக்வீட் மாவில் தோசை சுட்டு எல்லோருக்கும் கொடுத்தாள்.

இருமல் மட்டும் போகவில்லை. டாக்டரிடம் போ என்று அவள் ஏப்ரலில் சொன்னாள், மேயில் சொன்னாள். மில் தூசு, ஓய்வு வந்தால் தன்னால் சரியாகிவிடும் என்று ரொசேர் தட்டிக் கழித்தான். கடைசி வருஷத்தில் போனால் என்ன ஆகும் என்று லியோ கதையைச் சொன்னான். ஜூலையில் அவன் பெல்ட்டில் புது ஓட்டை போட்டபோது அவள் சண்டையே போட்டாள். செப்டம்பர் முடியட்டும், மறுநாளே போகிறேன் என்று சத்தியம் செய்தான்.

செப்டம்பர் முடிந்தது. மில்லில் கேக் வெட்டினார்கள், அவன் பெயர் பொறித்த கடிகாரம் கொடுத்தார்கள். அக்டோபர் இருபதாம் தேதிக்கு ஜெர்மேன் தானே போன் செய்து டாக்டரிடம் நேரம் வாங்கினாள்.

ஆர்மண்ட் என்கிற மகானுபாவன் இந்த இடத்தில்தான் வருகிறான். யூனியனில் பதினைந்து வருஷம் பொறுப்பில் இருந்தவன், ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது. தினமும் காலையில் டோனட் கடையில் உட்கார்ந்துகொண்டு ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் காசு வாங்காமல் பென்ஷன் யோசனை சொல்வதுதான் அவன் வேலை. கெட்டவன் என்று சொல்ல முடியாது. ரொசேருக்கு உயிரைக் கொடுப்பான். ஆனால் தெரியாததையும் தெரிந்த மாதிரியே பேசுகிறவனிடமிருந்து கடவுள்தான் காப்பாற்ற வேண்டும்.

அக்டோபர் பதினெட்டாம் தேதி ஒரு டஜன் டோனட்டோடு அவன் வீட்டுக்கு வந்தான். இருபதாம் தேதி டாக்டரிடம் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் டோனட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"முதல் செக் வந்துடுச்சா?"

"நவம்பர் ஒண்ணாந்தேதி வரும்."

"டேய், அப்ப இன்னும் நீ மில்காரன் கையிலதான் இருக்க. செக் கைக்கு வர்ற வரைக்கும் பேப்பர் அவங்ககிட்ட திறந்தே கெடக்கும். இப்பப் போயி டாக்டர் ஏதாவது எழுதிக்குடுத்தான்னா எல்லாத்தையும் திரும்பக் கிண்டுவான். பன்னெண்டு நாள். பன்னெண்டு நாள்ல இருமிச் செத்தவன் எவன்?"

பேப்பர் திறந்து கிடக்கும் என்பது உண்மைதான். அதைக் கிண்டக் கூடியவர்கள் யார் என்பதுதான் அவனுக்குத் தெரியவில்லை. ரொசேர் ஜெர்மேனைப் பார்த்தான். அவளுக்கும் மனசுக்குள் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு நாள்தானே என்று அவளுக்கும் தோன்றிற்று. அவளே போன் செய்து நேரத்தை நவம்பர் பத்துக்கு மாற்றினாள்.

நவம்பர் ஒன்றாம் தேதி செக் வந்தது. 2,100 டாலர், பைசா குறையாமல். அன்று இரவு சாப்பாட்டுக்குக் கடல் இறால் வாங்கினார்கள். பத்தாம் தேதி டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார், பதினைந்தாம் தேதி கூப்பிட்டு உட்கார வைத்தார். நுரையீரலில் ஆரம்பித்து ஈரலுக்குப் போயிருந்தது. சிகிச்சை எடுத்தால் எட்டு மாதம், பத்து மாதம். எடுக்காவிட்டால் பனி உருகும்வரைகூடத் தாங்காது.

ரொசேர் கேட்ட முதல் கேள்வி மருந்தைப் பற்றியது அல்ல. பார்க்கிங்கில், கார்க் கதவைத் திறப்பதற்கு முன்னால், பென்ஷனை மாற்ற முடியுமா என்று கேட்டான். ஜெர்மேனுக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரைக்கும் அவன் சாகப் போகிறான் என்பதுதான் அவள் மனசில் நின்றிருந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று நிற்பது அவளுக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் பென்ஷன் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். எடுத்தது ஒரு சின்னப் பெண். பொறுமையாகத்தான் பேசினாள். முதல் செக் போகும் முன்னால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம், என்ன நோய் இருந்தாலும் கேட்கமாட்டார்கள், புதுத் தாளில் ஒரு கையெழுத்து போதும் என்றாள். முதல் செக் போன பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

"அக்டோபர்ல தெரிஞ்சிருந்தா மாத்தியிருக்கலாமா?" என்று ஜெர்மேன் கேட்டாள்.

"முப்பத்தொண்ணாந்தேதி சாயங்காலம் வரைக்கும் மாத்தியிருக்கலாம், மேடம்."

போனை வைத்துவிட்டு ஜெர்மேன் பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். மார்பை அறுத்தபோதுகூட அப்படி அழவில்லை. இருபதாம் தேதி போயிருந்தால் இருபத்தைந்தாம் தேதிக்குள் தெரிந்திருக்கும். நேரத்தை மாற்றினது அவள் விரல். வட்டத்தை அழித்தது அவள் விரல். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டதும் அதே விரல்கள்தான். ரொசேர் வெளியே நின்று கதவைத் தட்டி, அழாதே, நானும்தான் ஒத்துக்கொண்டேன் என்றான்.

கணக்கு பார்க்க அதிக நேரம் பிடிக்கவில்லை. அவன் போன பிறகு அவனுடைய சோஷியல் செக்யூரிட்டி, அதாவது அரசாங்கம் தருகிற பென்ஷன், அவளுக்கு வரும். அது குளிரில் வீட்டைச் சூடாக்க எண்ணெய், மருந்து, வீட்டு வரி, சாப்பாடு என்று தீர்ந்துபோகும். வீட்டுக் கடனுக்கு அதில் ஒரு டாலர்கூட இடமில்லை. வண்டியை ஜனவரியில் விற்றார்கள். ஃப்ளோரிடா மண்ணை மிதிக்காத அந்த வண்டி நாற்பத்தோராயிரத்துக்குத்தான் போயிற்று. மிச்சம் இருபத்தோராயிரம் கடன் வீட்டின் தலைமேல் அப்படியே நின்றது. மகள் டெனிஸ் கனெக்டிகட்டில் இரண்டு அறை வீட்டில் மூன்று பிள்ளைகளோடு இருக்கிறாள். இங்கே வந்துவிடு அம்மா என்று போனில் சொல்லிவிட்டு, எங்கே படுக்க வைப்பது என்று யோசிக்கிற அந்த மௌனம் ஜெர்மேனுக்கு நன்றாகவே கேட்டது.

ரொசேரின் அண்ணன் இதே நோயில் போனவன். அவன் வாந்தியெடுத்துத் தோல் உரிந்து படுத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, எனக்கு வந்தால் மருந்தே வேண்டாம், மீன் பிடிக்கப் போய்விடுவேன் என்று ரொசேர் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது டாக்டர், யோசித்துச் சொல்லுங்கள் என்றபோது, யோசிக்க ஒன்றுமில்லை, ஆரம்பியுங்கள் என்றான். ஏன் என்று ஜெர்மேனுக்குத் தெரியும். தெரியும் என்பது அவனுக்கும் தெரியும்.

ஒன்றாம் தேதி காலையில் உயிரோடு இருந்தால் அந்த மாதச் செக் உண்டு. அதுதான் விதி. ரொசேர் அதற்காக உயிரோடு இருந்தான். டிசம்பர் ஒன்று, ஜனவரி ஒன்று, பிப்ரவரி ஒன்று. ஒவ்வொரு ஒன்றாம் தேதியும் காப்பிக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னொண்ணு ஆச்சு" என்பான். நகம் கறுத்தது, வாய் புண்ணாயிற்று, சனிக்கிழமைதோறும் வேகவைக்கிற பீன்ஸ் வாசனை பட்டாலே ஓடிப்போய்க் குனிந்தான். தலைமுடி போனதைப் பற்றி மட்டும், ஷாம்பூ காசு மிச்சம் என்று ஒரு முறை கேலி செய்தான். செக் வந்ததும் அந்தப் பணத்தில் சாப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டு மீதியை முழுக்கக் கடனில் கட்டச் சொன்னான். இருபத்தொன்று இருபதாயிற்று, பதினெட்டாயிற்று.

ஜெர்மேனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அவள் இதை யாரிடமும் சொன்னதில்லை. மார்ச் மாதம் கடையில் முட்டை எடுத்துக்கொண்டிருந்தபோது, ஆகஸ்ட் வரைக்கும் தாங்கினால் கடன் பத்தாயிரத்துக்குக் கீழே வரும் என்று அவள் மனசு ஒரு கணக்குப் போட்டது. தானாகப் போட்டது. நாற்பது வருஷம் பக்கத்தில் படுத்தவனை மாதக் கணக்கில் எண்ணிவிட்டோமே என்று அங்கேயே நின்றாள். முட்டையைத் திரும்ப வைத்துவிட்டு ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டாள். அன்றைக்கு இரவு அவன் கால்களை அளவுக்கு மீறி நேரமெடுத்துப் பிடித்துவிட்டாள்.

ஜூன் மாதம் டாக்டர், இனி மருந்தால் பிரயோஜனம் இல்லை என்றார். சமையலறைக்குப் பக்கத்து அறையில் கட்டில் போட்டு, வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் ஒருத்தியை ஏற்பாடு செய்தார்கள். இருபத்தெட்டு வயசுப் பெண், கை சுத்தம், பேச்சும் சுத்தம். வலி தாங்க முடியாமல் போகும்போது நாக்குக்கு அடியில் விடுகிற மார்ஃபின் சொட்டு மருந்தைக் கொடுத்துவிட்டு, எவ்வளவு வேண்டுமானாலும் கேளுங்கள், பயப்படாதீர்கள் என்றாள்.

ரொசேர் அதைத் தொடவில்லை. மார்ஃபின் ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் ஆள் போய்விடுவான் என்று மில்லில் யாரோ எப்போதோ சொன்னது அவன் மண்டையில் ஏறியிருந்தது. அப்படியெல்லாம் இல்லை என்று நர்ஸ் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். ஜூலை ஒன்றைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டினான். "இன்னொண்ணு ஆச்சு" என்பதைச் சொல்ல இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

அடுத்தது ஆகஸ்ட் ஒன்று. ஜூலை இருபதுக்கு மேல் வலி எலும்புக்குப் போய்விட்டது. படுக்கை விரிப்பை மாற்றப் புரட்டினால் அவன் தொண்டையிலிருந்து வந்தது மனுஷச் சத்தமே இல்லை. ஜெர்மேன் மருந்துச் சீசாவைக் கையில் எடுத்துக்கொண்டு கெஞ்சுவாள். ஒன்றாம் தேதி முடியட்டும் என்பான். வாயை இறுக்கி மூடிக்கொள்வான். நாள் கேட்பான். அவள் சொல்வாள். இருபத்திரண்டு. இருபத்துமூன்று. இருபத்துநாலு. ஒவ்வொரு நாளும் அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரும், அதோடு சேர்ந்து வங்கிக்காரர் முகமும் வரும், உண்மையையே சொல்லிவிடுவாள். இரண்டாயிரத்து நூறு டாலருக்காக அவள் ஐந்து நாள் அவனை அப்படிக் கிடக்க விட்டாள். சுற்றி வளைக்காமல் சொன்னால் அதுதான் நடந்தது.

இருபத்தேழாம் தேதி காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. நர்ஸ் வந்து பார்த்துவிட்டுச் சமையலறையில் நின்று, இன்னும் நாலு நாளோ ஆறு நாளோ, சொல்ல முடியாது, ஆனால் இப்படி யாரும் சாக வேண்டிய அவசியம் இல்லை என்றாள். சொல்லும்போது அந்தப் பெண்ணின் கண் கலங்கிற்று. அவள் கார் போகும் சத்தம் கேட்டதும் ஜெர்மேன் அறைக்குள் போனாள். ரொசேர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டு கம்பியைவிட ஒல்லியாக இருந்தது. அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான்.

"என்ன தேதி?"

ஜெர்மேன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணாந்தேதி" என்றாள்.

அவன் அவள் கண்ணையே உற்றுப் பார்த்தான். நம்பவில்லையோ என்று அவளுக்குப் பயமாகிவிட்டது. நாள் கணக்கில் அவனை ஏமாற்ற முடியாது, இவ்வளவு மாதமாக அதை ஒன்றைத்தானே எண்ணிக்கொண்டு கிடந்தான்.

"நேத்து இருபத்தாறுன்ன."

"அது போன வாரம். நடுவுல உனக்கு நெனப்பே இல்ல. தூங்கிட்டே இருந்த."

"செக்?"

"வந்துடுச்சு. காலையில பேங்குக்குப் போன் பண்ணிக் கேட்டேன்."

கம்பியிலிருந்து அவன் கை விட்டது. முகத்தில் இருந்த முறுக்கு கொஞ்சம் இளகிற்று. அவள் கன்னத்தைத் தொடப் பார்த்தான், எட்டவில்லை, அவளே குனிந்து கொடுத்தாள்.

"இன்னொண்ணு ஆச்சு. அடுத்ததுக்கு முடியாது, ஜெர்மேன்."

"வேண்டாம். போதும்."

"கோபமா?"

"எனக்கு என்ன கோபம்? நீ குடுத்துட்ட. எல்லாம் குடுத்துட்ட. வாயைத் திற."

திறந்தான். அவள் சொட்டு மருந்தை நாக்குக்கு அடியில் விட்டாள். கால் மணி நேரத்தில் அவன் புருவம் பிரிந்தது. ஆறு வாரத்தில் அவன் வலியில்லாமல் தூங்கினது அன்றைக்குத்தான். சாயங்காலம் கண் விழித்து, ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டான், நிறைய என்றாள், மறுபடியும் தூங்கினான். இருபத்தெட்டில் ஒரு தரம் சிரித்தான். இருபத்தொன்பதில் பேசவில்லை. முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு, அவள் அவன் உதட்டை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, மூச்சு நின்றது.

ஆகஸ்ட் ஒன்றாம் தேதி உடலைப் பார்வைக்கு வைத்தார்கள். மில் ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், இறுகின கழுத்துப்பட்டியோடு சுவரோரமாக நின்றார்கள். ஆர்மண்ட் சவப்பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு வெகுநேரம் அழுதான். பிறகு எழுந்து வந்து ஜெர்மேன் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவன்.

"ரெண்டே நாள். இன்னும் ரெண்டு நாள் தம் புடிச்சிருந்தான்னா இந்த மாசத்துதும் உனக்கு வந்திருக்கும். இவ்வளவு தூரம் வந்து கோட்டை விட்டானே பாவி."

"அவன் கோட்டை விடல, ஆர்மண்ட். ஒண்ணாந்தேதியைத் தாண்டிட்டுத்தான் போனான்."

துக்கத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்து அவன் அவள் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு நகர்ந்தான். அவனுக்கு விளக்கிச் சொல்ல அவளுக்குத் தெம்பும் இல்லை, அவசியமும் இல்லை.

வீட்டுக்கு வந்து டெனிஸ் பிள்ளைகளைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தபோது ஜெர்மேன் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்தாள். அன்று காலையில் 2,100 டாலர் வந்திருந்தது. பென்ஷன் அலுவலகக் கணக்கில் ரொசேர் இன்னும் உயிரோடுதான் இருந்தான். அவள் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வந்துடுச்சு என்று அவனிடம் சொன்னது பொய்யில்லாமல் ஆகிவிட்டதே என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளே அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அதே சின்னப் பெண்தான் எடுத்தாள். இறந்த தேதியைக் கேட்டாள். ஜூலை முப்பது என்று ஜெர்மேன் சொன்னாள். பணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள இரண்டு மூன்று நாள் ஆகும் என்றாள் அந்தப் பெண், வருத்தம் தெரிவித்தாள், வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்று ஜெர்மேன் போனை வைத்துவிட்டு, வீட்டை விற்றுக் கொடுக்கும் தரகரின் எண்ணைத் தேடினாள்.